ஒரே அடியில் ஐந்து எழுத்து

எங்கள் பட்டறைத் தெருவில் நாட்டைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவன் கிடையாது. இதை அடுத்தவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுசு போய்விடும், அதனால் நானே சொல்கிறேன். மற்றவர்கள் நாட்டின் பெயரை வாயால் சொன்னவர்கள். மேடையில் சொல்வார்கள், கிரிக்கெட் பார்க்கும்போது சொல்வார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் சுத்தியலால் இரும்பில் அடித்தவன். அடித்த இரும்பு கப்பல் ஏறிப் போயிருக்கிறது. நான் கப்பலைப் பார்த்ததுகூட இல்லை.

ஓசூரில் என் பட்டறையில் நாங்கள் செய்வது பிளாஞ்ச். இரண்டு பெரிய குழாய்களை முகத்தோடு முகம் சேர்த்து போல்ட் போட்டு இறுக்க வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் கனமான இரும்பு வளையம் வேண்டும். அதுதான் பிளாஞ்ச். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று முரட்டு வளையமாக எங்களுக்கு அனுப்பும். லேத்தில் கடைந்து, முகம் தேய்த்து, சுற்றிலும் ஓட்டை போட்டு, கடைசியில் அதன் விளிம்பில் அளவையும் எண்ணையும் நாட்டின் பெயரையும் அடித்து நாங்கள் திருப்பிக் கொடுப்போம். இண்டியா என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. அந்த எழுத்து விழுந்த பிறகுதான் அது பிளாஞ்ச். அதற்கு முன்னால் வெறும் இரும்பு.

நான் படித்தது நாலாம் வகுப்பு. ஜவளகிரிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டின ஊர். ராகி விதைத்தால் பாதி எங்களுக்கு, பாதி யானைக்கு. அங்கிருந்து ஓசூருக்கு வந்து, எச்சில் டம்ளர் கழுவி, இரும்புத் தூள் கூட்டி, லேத் பிடித்து, சொந்தமாக ஒரு ஷெட் போட்டு, ஒரு மிஷினை ஆறாக்கினேன். ஒருவனும் கை தூக்கிவிடவில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சண்டை போடுவேன். இந்தியில் வேலை வாங்குவேன். ஆங்கில எழுத்தை மட்டும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை, பஞ்சில்தான் படித்தேன். பஞ்ச் என்றால் முனையில் எழுத்து வெட்டிய இரும்புக் கட்டை. இரும்பின் மேல் நிறுத்திச் சுத்தியலால் தலையில் அடித்தால் எழுத்து பதியும். அதன் முனையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருக்கும். அதனால் இன்றைக்கும் எனக்குத் திரும்பின எழுத்துதான் நேர் எழுத்து. பேங்கில் பாரம் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவனைத் தேடுவேன். பஞ்சைக் கொடுத்தால் கண்ணை மூடி, விரலால் தடவிச் சொல்லிவிடுவேன்.

ஆரம்பத்தில் எல்லோரும் ஒவ்வொரு எழுத்தாகத்தான் அடித்தார்கள். ஐந்து எழுத்துக்கு ஐந்து பஞ்ச், ஐந்து அடி. ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும், கல்யாண வீட்டுப் பந்தியில் குழந்தைகள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். என் நாட்டின் பெயர் இப்படிக் கோணிக்கொண்டு வெளிநாடு போவதா என்று எனக்குக் கோபம். நல்ல எஃகுத் துண்டு ஒன்று எடுத்து, பெங்களூரில் எழுத்து வெட்டுகிறவரிடம் கொடுத்து, ஐந்து எழுத்தையும் ஒரே வரியில் வெட்டி வாங்கி வந்தேன். அதை நானே சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி இறுக்கினேன். முக்கியபோது நடு எழுத்தின் வயிற்றில் மயிரிழை மாதிரி ஒரு கீறல் விழுந்துவிட்டது. மற்றபடி அப்படி ஒரு பஞ்ச் இந்தத் தொழிற்பேட்டையில் இல்லை. ஒரே அடி. ஐந்தும் ஒரே ஆழம், ஒரே நேர். இரண்டாவது அடி என்கிற பேச்சே கிடையாது. இரண்டாவது அடி அடித்தால் எழுத்துக்குப் பின்னால் அதன் ஆவி மாதிரி இன்னொரு எழுத்து நிற்கும்.

அந்தக் கீறல்தான் பிற்பாடு என் கையெழுத்தாகிவிட்டது. எங்கள் தெருவில் குழாய் பிட்டராக இருந்தவன் ஒருவன் துபாய்ப் பக்கம் வேலைக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தவன் வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு என் ஷெட்டுக்கு வந்தான்.

"ணா, இதப் பாருணா" என்று போனை நீட்டினான்.

மணல். மணலுக்கு நடுவில் ஆள் நுழைகிற அளவுக்குக் குழாய். அதன் வாயில் ஒரு பிளாஞ்ச். அடுத்த படத்தில் அதன் விளிம்பு பெரிதாக. ஐந்து எழுத்து. நடு எழுத்தின் வயிற்றில் கீறல்.

"துண்டால மண்ணத் தொடச்சேன்ணா. பாத்தா நீ! அங்கயே உக்காந்து அழுதுட்டேன். எங்க மலையாளி சூப்பர்வைசரு, என்னாத்துக்குடா இரும்பக் கட்டிப்புடிச்சிக்கினு அழுவறேன்னு திட்டறான்."

அந்தப் படத்தை நான் காட்டாத ஆள் இல்லை. டீக்கடையில் காட்டினேன். வரி ஆபீசில் காட்டினேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு பிடிக்க வந்தவனிடம்கூடக் காட்டினேன். அவன் "எருமை படம் இருந்தா காட்டுங்க" என்றான். அது வேறு விஷயம்.

இன்னொன்றும் சொல்கிறேன். தண்ணீர்த் தகராறு வந்து, இரண்டு மாநிலத்து வண்டிகளையும் அத்திப்பள்ளி எல்லையில் நிறுத்தி வைத்திருந்த சமயம். என் சரக்கு பெங்களூரில் சோதனைக்குப் போக வேண்டும். டிரைவர் பயந்துபோய் இறங்கிவிட்டான். நான் வண்டியில் ஏறிப் போனேன். கொடி பிடித்த கூட்டம் சுற்றிக்கொண்டது. நான் பின்பக்கப் படுதாவைத் தூக்கி, ஒரு பிளாஞ்சைக் கையில் எடுத்து, அவர்கள் தலைவனிடம் காட்டி, "நோடி சுவாமி, இதரல்லி ஏனு பரெதிதே?" என்றேன். இதில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள் என்று. அவன் வாங்கிப் பார்த்தான். எடை தாங்காமல் கை தாழ்ந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்து, "ஆயித்து, ஹோகி" என்று விட்டுவிட்டான். அன்றைக்கு அந்த எல்லையைத் தாண்டிய தமிழ்நாட்டு வண்டி என்னுடையது மட்டும்தான் என்று சொல்வார்கள். சொல்பவர்களில் நானும் ஒருவன்.

இந்த இரண்டு கதையையும் ஒவ்வொரு ஆகஸ்டு பதினைந்துக்கும் எங்கள் தெருமுனையில் சொல்வேன். அங்கே கொடிக்கம்பம் நட்டவன் நான். மிஞ்சிப்போன குழாய்தான் கம்பம். அதை நிறுத்தியிருப்பது என் பிளாஞ்ச், நாலு போல்ட், எழுத்து ரோட்டைப் பார்த்தபடி. எல்லா ஷெட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஒடிசாக்காரன், பீகார்க்காரன், ஆந்திராக்காரன், கன்னடக்காரன், நம் ஆட்கள். ரோடு போட்டுத் தருவார்கள், சாக்கடை கட்டித் தருவார்கள் என்று பேட்டை தொடங்கின நாளிலிருந்து காத்திருக்கிறோம், மழை வந்தால் கொடிக்கம்பம் குளத்துக்குள் நிற்கும். யாராவது அதைச் சொல்லி நாட்டைக் கேலி செய்தால் நான் விடமாட்டேன். "ரோடு நாடு இல்லடா. நீ அடிக்கற எழுத்துதான் நாடு" என்பேன். கைதட்டுவார்கள். மிட்டாய்க்காகவும் கைதட்டியிருக்கலாம்.

அந்தத் தெருவுக்கு இன்னொரு சட்டமும் நான் போட்டது. டூல் கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. நான் தொழில் தொடங்கியபோது ஒரு ஸ்பேனருக்காக எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அதனால் எங்கள் தெருவில் எந்த ஷெட்டுக்கும் எந்த டூலும் போகும், துடைத்து எண்ணெய் போட்டுத் திரும்பி வரும். என் ஐந்தெழுத்துப் பஞ்சும் பத்துக் கைக்குப் போய் வந்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னது பெருமைக்காகத்தான். மறைக்கவில்லை. இனிச் சொல்லப்போவதில் பெருமை இல்லை.

ஒரு நாள் காலை கம்பெனியிலிருந்து லாரி வந்தது. கூடவே அந்தக் கம்பெனியில் எங்களுக்கு வேலை கொடுக்கிற தம்பி. தெற்கத்திப் பையன், திருநெல்வேலிப் பேச்சு. நல்லவன். சாணமாவு காட்டில் யானை ரோட்டைக் கடந்ததால் வண்டி ஒரு மணி நேரம் நின்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

"அண்ணாச்சி, இந்தத் தடவ உங்களுக்குக் கஷ்டமே கெடையாது. கடைய வேண்டாம், ஓட்ட போட வேண்டாம். எல்லாம் முடிஞ்சே வந்திருக்கு. விளிம்புல லேசாக் கிரைண்டர் வச்சு உள்ளத எடுத்துட்டு, நம்ம பேர அடிச்சு, புதுப் பெட்டியில போட்டுக் குடுத்திருங்க. அவ்வளவுதான் சோலி."

"விளிம்புல என்னா இருக்குது?"

"எது இருந்தா என்ன அண்ணாச்சி, எடுக்கத்தானே போறோம்."

நான் ஒரு பெட்டியை உடைத்து ஒன்றை வெளியே எடுத்தேன். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, முகம் கண்ணாடி மாதிரி இருந்தது. விளிம்பை விரலால் தடவினேன். சைனா என்று இருந்தது. அதற்கும் ஐந்து எழுத்துதான். என் பஞ்சின் அகலம்தான். அதைத் தேய்த்து எடுத்தால், எடுத்த பள்ளத்தில் என் பஞ்ச் அளவெடுத்து வைத்த மாதிரி உட்காரும். அது எனக்கு உடனே தெரிந்தது. தொழில் தெரிந்தவனுக்கு இப்படி வேண்டாததும் சேர்ந்தே தெரியும்.

"தம்பி, இத நாம செய்யல."

"செய்யலதான். அங்க செஞ்சு கப்பல்ல வாரது, இங்க நாம இரும்ப வாங்கிக் கடையறதவிட மலிவா முடியுது. ஆனா அந்த ஊர்ப் பேரு இருந்தா வாங்கற நாட்டுல கூடுதல் வரி போடுவான், யாரும் வாங்க மாட்டான். நம்ம பேருக்கு வெளியில மதிப்பு இருக்கு அண்ணாச்சி. நீங்கதான ஒவ்வொரு வருசமும் சொல்லுதீக?"

நான் சொன்னதையே எடுத்து என் மேல் வீசினான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

"எம் பட்டறையில பொய் அடிக்கறது கெடையாது. வண்டியத் திருப்பு."

"நீங்க அடிக்கலன்னா பக்கத்துல அடிப்பாங்க. உங்க மேல உள்ள மரியாதைக்குத்தான் மொதல்ல இங்க வந்தேன்."

"மரியாதையையும் அதே லாரியில ஏத்திக்கினு போ."

என் ஆட்கள் எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்ச் வேலையை இப்போது பார்ப்பது ஒரு ஒடிசாக்காரர். பதினோரு வருஷமாக என்னிடம் இருக்கிறார். என் தோள்பட்டை போன பிறகு என் பட்டறைக்குள் அந்தப் பஞ்சை நான் நம்பிக் கொடுத்த ஒரே கை அவருடையது. அவர் சுத்தியலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். நான் பத்தடி உயரம் ஆகிவிட்டேன். சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மனைவி சாதம் போட்டுக்கொண்டே எல்லாம் கேட்டாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. நாளைக்கு மிஷினுக்கு என்னா வேலை?"

"வரும்."

"எங்கிருந்து?"

அதற்கு நான் ரசம் கேட்டேன்.

வரவில்லை. கம்பெனி முரட்டு வளையம் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. கோபத்தில் நிறுத்தவில்லை. முடிந்தே வருகிற சரக்கு இருக்கும்போது முரட்டு வளையம் எதற்கு? வேறு இரண்டு மூன்று இடத்தில் போய்க் கேட்டேன். முப்பது வருஷமாக என்னைத் தேடித்தான் வேலை வரும். நான் தேடிப் போய்ப் பழக்கமில்லை. ஒரு இடத்தில் வாட்ச்மேன் என்னை மரத்தடியில் நிற்கச் சொன்னான். நின்றேன். உள்ளே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேஜை மேலே காகிதம் பறக்காமல் இருக்க ஒரு பிளாஞ்ச் வைத்திருந்தார். திருப்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை.

என் ஷெட்டில் ரேடியோச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்த ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆறு மிஷின் ஓடும்போது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. பீகார்ப் பையன்கள் இரண்டு பேர் ஊருக்குப் போய் வருகிறோம் என்றார்கள். துணிமணியோடு பாயையும் சுருட்டிக்கொண்டு போனார்கள். பாயைச் சுருட்டினவன் திரும்பி வருவதில்லை.

சரக்கு பக்கத்து ஷெட்டுக்குப் போயிருந்தது. அந்த ஷெட்காரன் என்னிடம் வேலை பழகித் தனியாகப் போனவன். தகரத் தடுப்புதான் நடுவில். அவன் கிரைண்டர் கத்துவது காலையிலிருந்து கேட்கும். ஒரு வாரம் என் கண்ணில் படாமல் திரிந்தான். டீ குடிக்கக்கூட எதிர்ப்பக்கமாகப் போனான். அப்புறம் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றான்.

"ணா, பஞ்ச் குடுணா."

"எது?"

"அதான்ணா. அஞ்செழுத்து."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்கறியேணா." கீழே பார்த்துக்கொண்டு செருப்பால் இரும்புத் தூளைத் தள்ளினான். "என்னுது மொண்ணையாயிடுச்சு. ஒரு அடியில விழ மாட்டேங்குது. ரெண்டாவது அடிச்சா ரெட்டையா விழுது. கம்பெனிக்காரன் ஒரு லோடு திருப்பி அனுப்பிட்டான்."

"புதுசு வெட்டிக்க."

"வெட்டி வரதுக்குப் பத்து நாளாவும்ணா. கப்பல் நிக்குமா? நீ வேண்டாம்னு சொல்லிட்ட, உன்னால முடியும். எனக்கும் ஏழு பேரு இருக்கறாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "நீதான்ணா சட்டம் போட்ட. டூலு கேட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு."

நான் எழுந்து போய் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். சட்டம் போட்டது நான், அது ஒன்று. அவன் ஷெட்டில் இருக்கிற ஏழு பேரில் நாலு பேர் என்னிடம் இருந்தவர்கள், அது ஒன்று. இன்னொன்றும் உண்டு, சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொய்யே ஆனாலும் என் பஞ்ச் இல்லாமல் இந்தத் தெருவில் அது நேராக விழவில்லை பார் என்று உள்ளுக்குள் ஒரு துளி சந்தோஷம் இருந்தது. அந்த ஒரு துளிதான் என் கையை அலமாரிக்குள் கொண்டுபோயிருக்க வேண்டும்.

அன்று மத்தியானம் தகரத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் ஆரம்பித்தது. என் பஞ்சின் சத்தம் எனக்குத் தெரியும். மற்றவை 'டக்' என்னும். அது மணி மாதிரி 'டங்' என்று ஒரு இழுப்பு இழுக்கும். ஒடிசாக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மொதலாளி, கேக்குதா? நம்ம பஞ்ச்."

"கேக்குது."

"நம்ம கை அடிச்சா பொய். நம்ம பஞ்ச் அடிச்சா?"

"போய் மிஷினத் தொடைங்க."

போனார். நேற்றுத் துடைத்த மிஷினையே துடைத்தார். நான் வாசலுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அங்கேயும் கேட்டது. டீக்கடைக்குப் போனேன். அங்கே கேட்க முடியாது, நாலு தெரு தள்ளி. ஆனால் கேட்டது.

அந்தப் பிளாஞ்சுகளில் என் கீறலும் விழுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் மாட்டேன் என்றது லாரிக்காரனுக்கும் மனைவிக்கும் தெரியும். இரும்புக்குத் தெரியாது. அந்த இரும்பு எங்கே போனாலும் நான்தான் அடித்தேன் என்று சொல்லும்.

ஆகஸ்டு பதினைந்து வந்தது. விடியற்காலையில் தூறல் போட்டிருந்ததால் கம்பத்தைச் சுற்றித் தண்ணீர். செங்கல் போட்டு அதன் மேல் நின்று கொடி ஏற்றினோம். பக்கத்து ஷெட்காரன் புதுச் சட்டை போட்டிருந்தான். மிட்டாயை இந்த வருஷம் அவனே வாங்கி வந்திருந்தான். கொடி மேலே போனது, பூ விழுந்தது, பாட்டுப் பாடினார்கள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பேசுணா" என்றான் பக்கத்து ஷெட்காரன்.

கூட்டத்தில் ஒருவன், "மொதலாளி, லாரி கத சொல்லுங்க! கை தாழ்ந்துச்சே, அது!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. எனக்கு முன்னால் கம்பத்தின் அடியில் என் பிளாஞ்ச். நாங்களே கடைந்து, நானே அடித்தது. தூறலில் எழுத்து கழுவிவிட்ட மாதிரித் தெரிந்தது. அதற்குள்ளேயும் கீறல். இது நிஜம். ஆனால் இன்றைக்கு ஒருவன் வந்து, இதைக் காட்டி, இது நிஜமா என்று கேட்டால் எதை வைத்து நிரூபிப்பேன்? தகரத்துக்கு அந்தப் பக்கம் பெட்டி பெட்டியாக இருப்பதிலும் இதே எழுத்து, இதே கீறல்.

"வெயில் ஏறுது, எல்லாரும் மிட்டாய் எடுத்துக்கங்க" என்றேன்.

வெயிலே இல்லை. எல்லோரும் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்கள். ஒடிசாக்காரர் மட்டும் மிட்டாயை எடுத்துப் பிரிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் மகள் இங்கே தமிழ்ப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்காக இருக்கும்.

இரண்டு நாள் கழித்துப் பஞ்ச் திரும்பி வந்தது. எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, என் சட்டப்படி. அதை எடுத்துக்கொண்டு தேய்ப்புக்கல்லுக்குப் போனேன். கீறலைத் தேய்த்து எடுத்துவிட்டால் இனி யார் அடித்தாலும் என் பெயர் போகாது அல்லவா? கல்லில் வைப்பதற்கு முன்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீறல் நான் நினைத்ததைவிட ஆழமாக இருந்தது. அது போகிற வரைக்கும் தேய்த்தால் ஐந்து எழுத்தும் போய்விடும். திரும்பத் துணியில் சுற்றி வைத்தேன்.

அடுத்த மாதம் தெற்கத்தித் தம்பி மறுபடி வந்தான். தனியாக, மோட்டார் பைக்கில்.

"அண்ணாச்சி, பழசெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீங்க. பக்கத்து ஷெட்டுல வேல சரியில்ல. உங்க பஞ்சுதான், ஆனா உங்க கை இல்லல்லா. கோணி விழுது. அடுத்த லாட்டு உங்களுக்கே தரச் சொல்லியிருக்காங்க."

ஆறு மிஷினில் ஒன்றும் ஓடவில்லை. ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் ஆட்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டவர்கள், இன்றைக்கு நிறுத்த ஒன்றுமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு தடவை பெரிதாகப் பேசலாம். பேசினால் லாரி தகரத்துக்கு அந்தப் பக்கம் போகும். பஞ்ச் கேட்டு வருவான். கொடுப்பேன். இதில் நாட்டுக்கு என்ன வந்துவிடும், எனக்குத்தான் என்ன வந்துவிடும்?

"எறக்கச் சொல்லு" என்றேன்.

மறுநாள் காலை தம்பியோடு லாரி வந்தது. ஒடிசாக்காரர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். வாங்கிக்கொண்டேன்.

"நீங்க அழிங்க. நான் அடிக்கறேன்."

"தோள் வலிக்கும் மொதலாளி."

"வலிக்கட்டும்."

அவருடைய கையை வைத்து அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. என் பட்டறையில் அதை யாராவது அடித்தே ஆகவேண்டும் என்றால், அது நான்தான். அவர் கிரைண்டர் வைத்தார். சைனா பொறியாகப் பறந்து போனது. பள்ளம் வெள்ளையாக, சூடாக இருந்தது. அதில் பஞ்சை வைத்தேன். நான் நினைத்தபடியே அளவாக உட்கார்ந்தது. அடித்தேன். ஒரே அடி. ஐந்தும் ஒரே ஆழம்.

தம்பி குனிந்து பார்த்தான். "இதான் அண்ணாச்சி. சுத்தமா விழுந்திருக்கு."

"முப்பது வருசமா இப்படித்தான் விழுது" என்றேன். அடுத்ததை எடுத்து வைக்கச் சொன்னேன்.

அதிலிருந்து ஆறு மிஷினும் சும்மா நிற்கிறது, ஆனால் கிரைண்டர் ஓடுகிறது, ஷெட் திறந்திருக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள். ரேடியோ கேட்பதில்லை. தோள் வலிக்குத் தைலம் போட்டுவிடும்போது மனைவி எதுவும் கேட்பதில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று கேட்காமல் விடுகிறாள் போலிருக்கிறது.

போன வாரம் துபாய்க்காரன் போனில் படம் அனுப்பியிருந்தான். வேறு ஏதோ இடம், இன்னும் பெரிய குழாய். ஒரு பிளாஞ்ச், துடைத்த விளிம்பு, ஐந்து எழுத்து, கீறல். கூடவே அவன் குரல். "ணா, இங்கயும் வந்துட்ட பாத்தியா! எங்க போனாலும் நம்மாளுதான்ணா!"

விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். நாங்கள் கடைந்ததா, முடிந்தே வந்ததா என்று பார்த்தேன். நாங்கள் கடைந்த பழையதும் உலகத்தில் நிறைய இருக்கிறது, அது அங்கே போயிருக்கலாம். முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம், முகம் படத்தில் இல்லை. தொட்டால் சொல்லிவிடலாம். எவ்வளவு தேய்த்தாலும் போனின் கண்ணாடிதான் விரலுக்குத் தட்டுப்பட்டது. எனக்கே தெரியவில்லை.

இந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. அவன் பதிலுக்காகக் காத்திருப்பான் என்று, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மை ஒன்று உண்டே, அதை அனுப்பினேன். எழுதத் தெரியாதவனுக்கு அது ஒரு வசதி.